சென்ட்ரல் பார்க்கில் பெடிகேப் ஏறும் முன்பு

நியூயார்க்கில் 59ஆவது தெரு ஓரமாக, சென்ட்ரல் பார்க்கின் தெற்கு வாசல்கள் பக்கம் நடந்து பாருங்கள். பத்தடிக்கு ஒருவர் லேமினேட் செய்த படத்தாளை நீட்டுவார். நீரூற்று, பாலம், பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனான் நினைவிடம், சினிமாவில் வந்த இடங்கள் என்று வரிசையாகப் படங்கள். "டூர் போகலாமா சார்? அஞ்சு டாலர்தான்!" என்பார். ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு, காலையிலிருந்து நடந்து களைத்துப் போயிருக்கும் பிள்ளைகளுக்கு அந்த விலை தேவாமிர்தமாகக் கேட்கும். அவர் காட்டும் பெடிகேப்பில், அதாவது மூன்று சக்கர சைக்கிள் ரிக்‌ஷாவில், ஏறி உட்கார்ந்துவிடுவார்கள்.

அந்த ஐந்து டாலர், ஒரு நிமிடத்துக்கு.

நாற்பத்தைந்து நிமிடம் கழித்து இறங்கும்போது 225 டாலர். நிமிடத்துக்கு ஏழு டாலர் என்றால் 315. அதற்கு மேல் டிப்ஸ். நான் இந்த நகரத்தில் உரிமம் பெற்ற சுற்றுலா வழிகாட்டி. தமிழ்க் குடும்பங்கள் நிறைய என்னிடம் வருகின்றன. அவர்கள் சொல்லும் புலம்பல்களில் அடிக்கடி வருவது இந்தக் கணக்குதான். ஓட்டுநர் பொய் சொன்னார் என்று சிலர் கோபப்படுவார்கள். பெரும்பாலும் அவர் பொய் சொல்லியிருக்க மாட்டார். "நிமிடத்துக்கு" என்பதை மட்டும் வாய்க்குள் முழுங்கியிருப்பார்.

நகரச் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. பெடிகேப் கட்டணத்தை நிமிடக் கணக்கில்தான் வாங்க வேண்டும். நிமிடத்துக்கு எவ்வளவு என்பதை வண்டியில் எழுதி மாட்டியிருக்க வேண்டும். பயணியின் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு டைமர் ஓட வேண்டும். ஆனால் அந்த நிமிட விலை எவ்வளவு என்று நகரம் நிர்ணயிப்பதில்லை. மஞ்சள் டாக்ஸிக்கு இருப்பது போல ஒரே ரேட் கிடையாது. வண்டிக்கு வண்டி மாறும். அதனால் அட்டையைப் படிக்காமல் ஏறுவது, வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போடுகிற மாதிரி.

ஏறுவதற்கு முன் அந்த அட்டையின் முன்னால் நின்று சத்தமாகவே கேளுங்கள்: நிமிடத்துக்கு எவ்வளவு? மொத்தம் எத்தனை நிமிடம் ஆகும்? வழியில் நாங்கள் இறங்கிப் படம் எடுக்கும்போது டைமர் ஓடுமா, நிற்குமா? மூன்றாவது கேள்வியை யாருமே கேட்பதில்லை. பணம் அங்கேதான் போகிறது. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். இன்னொன்று, விலை பேசியவர் ஒருவர், வண்டி ஓட்டப்போகிறவர் வேறொருவர் என்றால் ஓட்டுநரிடம் மறுபடி ஒருமுறை பேசிக்கொள்ளுங்கள். முடிவில் "பார்க் கட்டணம்" என்று யாராவது தனியாகக் கேட்டால் கொடுக்க வேண்டாம். சென்ட்ரல் பார்க்கில் நுழைவுக் கட்டணமே இல்லை.

என் ஆலோசனை எப்போதும் ஒன்றுதான். சுற்றிப் பார்க்கும் டூர் என்றால் முன்பதிவு செய்யுங்கள். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று நேரமும் விலையும் முன்கூட்டியே எழுத்தில் வந்துவிடும். பதிவு செய்யும்போது அந்த விலை ஒரு வண்டிக்கா, ஆளுக்கா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தெருவில் நிற்கிற வண்டியைப் பிடிப்பது, கால் வலிக்கிறது, பத்து நிமிடத்தில் அந்தப் பக்கம் போய்ச் சேர வேண்டும் என்கிற அவசரத்துக்குச் சரி.

இப்போது அந்த மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். சென்ட்ரல் பார்க் 843 ஏக்கர். தெற்கே 59ஆவது தெருவிலிருந்து வடக்கே 110ஆவது தெரு வரை நான்கு கிலோமீட்டர் நீளம், அகலம் முக்கால் கிலோமீட்டருக்குச் சற்று மேல். உள்ளே ஒரு வட்டச் சாலை சுற்றி வருகிறது. 2018 ஜூன் முதல் அதில் கார்களுக்கு அனுமதி இல்லை. சைக்கிள், குதிரை வண்டி, பெடிகேப், ஓடுகிறவர்கள், நடக்கிறவர்கள் எல்லாரும் அந்தச் சாலையில்தான். பெடிகேப்பின் எல்லையும் அந்தச் சாலைதான். நடைபாதைக்குள் வண்டி வரக் கூடாது. படத்தாளில் காட்டிய இடங்களில் முக்கால்வாசி நடைபாதையில் இருக்கிறது. போ (Bow) பாலம், லெனான் நினைவிடம், எல்ம் மரங்கள் கூரை போட்ட 'மால்' என்கிற நடை, பெல்வெடேர் கோட்டை, எதன் வாசலிலும் வண்டி போய் நிற்காது. ஓட்டுநர் சாலையோரம் நிறுத்திக் கை காட்டுவார். நீங்கள் இறங்கி நடந்து, பார்த்து, படம் எடுத்து, திரும்பி வர வேண்டும்.

ஆக நீங்கள் வாங்குவது பாதி சவாரி, பாதி நடை. மூன்று இடத்தில் பத்துப் பத்து நிமிடம் இறங்கினால் அரை மணி நேரம் அதிலேயே போய்விடுகிறது. நிமிடக் கட்டணத்தில் போனால் அந்த அரை மணிக்கும் காசு. அப்பாவுக்கு முட்டி வலி, வண்டியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று நினைத்து ஏறுகிறவர்களுக்கு ஏமாற்றம் வருவதும் இதனால்தான்.

பொதுவாக ஒரு மணி நேர டூர் தெற்குப் பாதியோடு முடிந்துவிடும். தெற்கு வாசலில் ஏறி, கிழக்குச் சாலை வழியாக வடக்கே போய், 72ஆவது தெரு மட்டத்தில் பூங்காவைக் குறுக்கே கடக்கும் டெரஸ் டிரைவில் திரும்பி, மேற்குப் பக்கமாக இறங்கி வருவார்கள். டெரஸ் டிரைவை ஒட்டியே பெத்தெஸ்டா டெரஸின் மேல் தளம் இருக்கிறது. முட்டி வலிக்காரர்களுக்கு நான் சொல்லும் இடம் இது. வண்டியை விட்டு இறங்கி சில அடி நடந்தால் கைப்பிடிச் சுவர். அங்கே நின்றாலே கீழே நீரூற்றும், அதன் நடுவில் சிறகு விரித்த தேவதையும், பின்னால் ஏரியும் தெரியும். படிக்கட்டு நீளமானது, இறங்குகிறவர்கள் இறங்கட்டும். இறங்கினால் படிக்கு அடியில் இருக்கும் வளைவு மண்டபத்துக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். கூரை முழுக்க இங்கிலாந்தின் மின்டன் நிறுவனம் செய்த வண்ண ஓடுகள். பலர் நீரூற்றைப் பார்க்கிற அவசரத்தில் இதைக் கடந்து ஓடிவிடுகிறார்கள்.

அந்தத் தேவதைச் சிலையை வடித்தவர் எம்மா ஸ்டெபின்ஸ், திறந்தது 1873இல். 1842இல் க்ரோட்டன் நதித் தண்ணீர் கால்வாய் வழியாக நகரத்துக்கு வந்து சேர்ந்ததை நினைத்து வைத்தது. அதற்கு முன் கெட்ட தண்ணீரால் காலரா வந்து கொத்துக் கொத்தாகச் செத்த ஊர் இது. குழாய்த் தண்ணீருக்காக ஒரு நகரம் தேவதைச் சிலை வைத்திருக்கிறது என்று சொன்னால், தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்ற தலைமுறைக்குச் சட்டென்று புரிந்துவிடுகிறது. நான் மேற்கொண்டு விளக்குவதே இல்லை.

அடுத்த நிறுத்தம் வழக்கமாக செர்ரி ஹில். அங்கே இருக்கும் சின்ன நீரூற்று குதிரைகள் தண்ணீர் குடிக்கக் கட்டியது. போ பாலத்துக்கு அங்கிருந்து இறங்கிப் போகலாம். மேற்குப் பக்கம் வந்ததும் ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ். தரையில் கறுப்பு வெள்ளைக் கற்களால் வட்டமாகப் பதித்த நினைவிடம், 1985இல் திறந்தது. லெனான் 1980 டிசம்பரில் சுடப்பட்ட டகோட்டா கட்டடம் தெருவுக்கு எதிர்ப்புறம்.

வழிகாட்டி என்ற பெயரில் என்ன கிடைக்கும் என்பது அதிர்ஷ்டம். பெடிகேப் ஓட்டுநர் உரிமம் வேறு, சுற்றுலா வழிகாட்டி உரிமம் வேறு. சில ஓட்டுநர்கள் பிரமாதமாகச் சொல்வார்கள்; பூங்காவை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். வேறு சிலர் "அந்த மாடியில் இந்த நடிகர் இருக்கிறார், இந்தப் பாலத்தில் அந்தப் படம் எடுத்தார்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஏறுவதற்கு முன் ஒன்று கேட்டுப் பாருங்கள்: "இந்தப் பூங்கா வருவதற்கு முன் இங்கே யார் இருந்தார்கள்?" காடுதான் இருந்தது, இது இயற்கையாக அமைந்த இடம் என்று பதில் வந்தால் வேறு வண்டி பாருங்கள்.

ஏனென்றால் இங்கே இயற்கை போலத் தெரியும் முக்கால்வாசி இடம் திட்டம் போட்டுச் செய்தது. ஃபிரடரிக் லா ஓம்ஸ்டெட், கால்வெர்ட் வாக்ஸ் என்ற இருவர் 1858இல் போட்டியில் வென்று வரைந்த திட்டம். ஏரிகள் வெட்டியவை. நகரப் போக்குவரத்து பூங்காவைக் குறுக்கே கடக்கும் நான்கு சாலைகளையும் பள்ளத்தில் இறக்கி, உள்ளே இருப்பவர் கண்ணில் படாமல் மறைத்திருக்கிறார்கள். பஸ்ஸும் காரும் இன்றைக்கும் அங்கேதான் போகின்றன. பெடிகேப்பில் அதற்கு மேலேயே போவீர்கள், கவனிக்கவே மாட்டீர்கள். அப்புறம், மேற்கே 82ஆவது தெருவுக்கும் 89ஆவது தெருவுக்கும் இடையில் செனகா வில்லேஜ் என்ற ஊர் இருந்தது. 1825 முதல் கறுப்பின மக்கள் நிலம் வாங்கி, வீடும் தேவாலயங்களும் பள்ளியும் கட்டி வாழ்ந்த ஊர். பூங்காவுக்காக நிலத்தைக் கையகப்படுத்தி 1857க்குள் எல்லாரையும் காலி செய்துவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் தகவல் பலகைகள் இருக்கின்றன. மேற்குச் சாலையில் திரும்பி வரும் நீண்ட டூரில் அதன் பக்கமாகவே வருவீர்கள். அங்கே வண்டியை மெதுவாக்கி இரண்டு வார்த்தை சொல்கிற ஓட்டுநர் கிடைத்தால் டிப்ஸைத் தாராளமாகக் கொடுங்கள்.

இரண்டு மணி நேர டூர் எல்லாருக்கும் தேவைப்படாது. கிழக்கே மெட் அருங்காட்சியகத்தின் பின்னால் எகிப்தியத் தூண், 106 ஏக்கர் நீர்த்தேக்கம், வடக்கே ஹார்லெம் மீர் குளம் எல்லாம் அதில் வரும். கூட்டம் குறைந்த, அழகான பாதி அது. ஆனால் வடக்கில் ஏற்றம் கடுமை. மூன்று பெரியவர்களை உட்கார வைத்து ஒருவர் மிதிக்கும்போது வேகம் நன்றாகவே குறையும், நேரமும் கூடும்.

ஒரு வண்டியில் மூன்று பேருக்கு மேல் ஏற்றக் கூடாது. நான்கு பேர் குடும்பத்துக்கு "குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்" என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். சீட் பெல்ட் இருக்க வேண்டும், இருந்தால் மட்டும் போதாது, போட வேண்டும். புடவை முந்தானையையும் துப்பட்டாவையும் சக்கரப் பக்கம் தொங்கவிடாமல் மடியில் இழுத்துச் சொருகிக்கொள்ளச் சொல்லுங்கள். மோட்டார் பொருத்திய பெடிகேப்புக்கு இந்த நகரத்தில் அனுமதி இல்லை. ஓட்டுநர் காலை அசைக்காமலே வண்டி மேட்டில் ஏறினால் உள்ளே மோட்டார் ஒளிந்திருக்கிறது என்று பொருள். அந்த வண்டிக்கு விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கேள்விக்குறிதான்.

கும்பகோணத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் கடைசிவரை ஏற மறுத்துவிட்டார். "தம்பி, ஒரு மனுஷன் வேர்க்க வேர்க்க மிதிப்பான், நான் காலை நீட்டி உட்கார்ந்து வேடிக்கை பார்க்கணுமா?" என்றார். 1973இல் கை ரிக்‌ஷாவை ஒழித்த மாநிலத்துக்காரர், அந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அவரைக் கட்டாயப்படுத்தவில்லை, மற்றவர்கள் ஏறினார்கள், அவர் என்னோடு மாலில் நடந்து வந்தார். என் நிலைப்பாடு வேறு. ஓட்டுநர்களில் பலர் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் வந்தவர்கள். பலருக்கு வண்டி சொந்தமில்லை. வாடகை கட்டித்தான் ஓட்டுகிறார்கள். மழை பெய்தால் சவாரி இல்லை, வாடகை மட்டும் நிற்காது. நியாயமான விலை பேசி ஏறுவதுதான் அவர்களுக்கு உதவி. டிப்ஸ் உங்கள் விருப்பம். நன்றாகச் சொன்னவருக்கு பதினைந்து, இருபது சதவீதம் கொடுப்பது இங்கே வழக்கம். "டிப்ஸ் கட்டாயம்" என்று தொகையைச் சொல்லிக் கேட்பவருக்கு அவசியமில்லை.

குடும்பம் பிரிந்து இரண்டு வண்டியில் போனால் ஒருவரை ஒருவர் தொலைப்பது சகஜம். அப்போது பக்கத்து விளக்குக் கம்பத்தைப் பாருங்கள். அடியில் ஒரு சின்ன உலோகத் தகட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் பக்கத்துத் தெரு எண். கடைசி இலக்கம் இரட்டைப்படை என்றால் கிழக்குப் பாதி, ஒற்றைப்படை என்றால் மேற்கு. 7203 என்றால் 72ஆவது தெரு மட்டத்தில், மேற்குப் பக்கம். நூறாவது தெருவுக்கு மேலே போய்விட்டால் முதல் இரண்டு இலக்கம் 00, 01, 02 என்று மறுபடி தொடங்கும். போனில் அந்த எண்ணைச் சொன்னால் போதும். வழி கேட்டு அலைய வேண்டாம்.

அதையும் மீறித் தகராறு வந்தால் அங்கேயே நின்று சண்டை போடாதீர்கள். ஏறும்போதே வண்டியின் நம்பர் பிளேட்டையும், கட்டண அட்டையையும், ஓட்டுநர் மாட்டியிருக்கும் அடையாள அட்டையையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பார்த்ததுமே பாதிப் பேர் விலையை ஒழுங்காகச் சொல்லிவிடுவார்கள். அட்டையில் இருக்கும் விலையை நிமிடத்தால் பெருக்கி, அதை மட்டும் கொடுத்து ரசீது கேளுங்கள். கார்டைத் தேய்க்கும் முன் திரையில் தொகை எவ்வளவு என்று பாருங்கள். டிப்ஸ் ஏற்கெனவே சேர்ந்திருக்கலாம். பிறகு நகரத்தின் பொது உதவி எண்ணான 311க்குப் போன் செய்து பெடிகேப் புகார் என்று சொன்னால், உரிமம் கொடுக்கும் நுகர்வோர், தொழிலாளர் பாதுகாப்புத் துறைக்குப் போய்ச் சேரும். ஊர் திரும்பிய பிறகும் 212-639-9675 என்ற எண்ணில் அதே சேவையைக் கூப்பிடலாம். இணையத்திலும் புகார் பதியலாம். நம்பர் பிளேட் எண் இல்லாத புகாரை வைத்துக்கொண்டு அவர்களாலும் பெரிதாக எதுவும் செய்ய முடியாது.