செமிக்வின்சென்டெனியல்: 'அரை ஐந்நூற்றாண்டு' வேண்டாம்

1776 ஜூலை 4 அன்று பிலடெல்ஃபியாவில் அமெரிக்க விடுதலைப் பிரகடனம் ஏற்கப்பட்டது. 2026 ஜூலை 4 அன்று அதற்கு 250 ஆண்டு நிறைவு. அந்த விழாவைத் திட்டமிட 2016இல் சட்டம் போட்டு அமைத்த அமைப்பின் பெயரை 'அமெரிக்க அரை ஐந்நூற்றாண்டு விழாக் குழு' என்று தமிழில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். ஒரு தடவை என்றால் விட்டிருப்பேன். மூன்றாவது தடவையும் கண்ணில் பட்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மூலச்சொல் செமிக்வின்சென்டெனியல். லத்தீன் வழியாக வந்தது. செமி பாதி, க்வின் ஐந்து, சென்டும் நூறு, அன்னுஸ் ஆண்டு. ஐந்நூறு ஆண்டில் பாதி. அவ்வளவுதான் கதை.

இதை உறுப்பு உறுப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ்ச் சொல்லைப் போட்டு ஒட்டினால் 'அரை ஐந்நூற்றாண்டு' வருகிறது. வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "அமெரிக்கா வந்து ஐந்நூறு வருஷம் ஆயிடுச்சா?" என்று கேட்டார் அம்மா. அவர் மேல் தவறே இல்லை. தமிழில் 'அரை' நமக்குப் பழகிய ஓர் அளவுக்கு முன்னால்தான் வரும்: அரை மணி, அரைப் படி, அரை நூற்றாண்டு. ஐந்நூற்றாண்டு என்பது நாம் எண்ணிப் பழகிய அளவு இல்லை, அதனால் காது 'அரை'யை விட்டுவிட்டு ஐந்நூறைப் பிடித்துக்கொள்கிறது. ஒன்றுக்கு மேல் போனால் அரையைப் பின்னால் சேர்ப்பதுதான் நம் வழக்கம். ஒன்றரை, இரண்டரை, மூன்றரை. இரண்டரை லட்சத்தை யாராவது 'அரை ஐந்து லட்சம்' என்பார்களா? அப்புறம் ஆண்டுக்கு மட்டும் ஏன்?

என் கணக்கில் சரியான சொல் 'இரண்டரை நூற்றாண்டு நிறைவு விழா'. இது பேச்சுவழக்கு, விழாவுக்குரிய கம்பீரம் இல்லை என்று ஒரு நண்பர் சொன்னார். ரோமர்களே இப்படித்தான் எண்ணியிருக்கிறார்கள். அவர்களுடைய செஸ்டெர்டியஸ் நாணயத்தின் தொடக்க மதிப்பு இரண்டரை ஆஸ் (ஆஸ் என்பது அவர்களுடைய இன்னொரு நாணயம்). பெயருக்கே 'மூன்றாவது பாதி', அதாவது இரண்டு முழுதும் மூன்றாவதில் பாதியும், என்று பொருள். அதை வைத்து 250 ஆண்டுக்குச் செஸ்டெர்சென்டெனியல் என்று ஆங்கிலத்தில் இன்னொரு சொல்லும் உண்டு. புரியும் சொல்லே கம்பீரமான சொல் என்பதுதான் எனக்குப் பிடிபட்ட ஒரே அளவுகோல்.

இன்னொரு கூத்து '250ஆவது நூற்றாண்டு விழா'. நூற்றாண்டு என்றால் விழா என்றே முடிவுகட்டிவிட்டார்கள் போல. 250 நூற்றாண்டு என்றால் 25,000 ஆண்டு! '250ஆவது ஆண்டு விழா' இதைவிடப் பரவாயில்லை, ஆனால் 250ஆவது ஆண்டு தொடங்கியது 2025 ஜூலையில், நிறைவதுதான் 2026 ஜூலையில். 'நிறைவு' என்ற ஒரு சொல் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடும், அதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

சரி, 'குழு'வுக்கு வருவோம். மூலத்தில் இருப்பது கமிஷன். லத்தீனில் ஒப்படைத்தல் என்ற பொருளில் பிறந்தது. ஊர்கூடி அமைக்கிற விழாக்குழு வேறு, சட்டம் பொறுப்பை ஒப்படைத்த அமைப்பு வேறு. 2016 சட்டத்தில் செனட்டர்கள் 4 பேர், பிரதிநிதிகள் சபையினர் 4 பேர், குடிமக்கள் 16 பேர் என்று எண்ணிக்கை வரைக்கும் இருந்தது. தேர்தல் ஆணையம், தேர்வாணையம் என்று எழுதுகிற கை இங்கே மட்டும் ஏன் குழு என்கிறது? இலங்கை வழக்கில் ஆணைக்குழு, அதுவும் நல்ல சொல்தான்.

இந்த வேறுபாடு வெறும் சொல்லாட்டம் இல்லை. 200ஆம் ஆண்டு நிறைவுக்காக 1966இலேயே ஒரு ஆணையம் அமைத்தார்கள். 1973இல் அதைக் கலைத்து, அந்த இடத்தில் ஒரு நிர்வாக அமைப்பைக் கொண்டுவந்தார்கள். இரண்டையும் 'விழாக் குழு' என்றே மொழிபெயர்த்தால், எது போய் எது வந்தது என்று வாசகருக்கு எப்படித் தெரியும்? அகராதியைப் புரட்டும் மொழிபெயர்ப்பாளர்கள் அந்த அமைப்பு என்ன செய்கிறது என்பதையும் ஒரு பத்து நிமிடம் படித்தால் போதும், 'அமெரிக்க இரண்டரை நூற்றாண்டு நிறைவு விழா ஆணையம்' என்று தானாகவே எழுதிவிடுவார்கள்.