விஷ மண்ணின் மேல் பூங்கா: பெல்லிங்ஹாம் துறைமுகம் தன் நிலத்தைச் சுத்தம் செய்யும் விதம்

பழைய ஆலை நிலத்தைச் சுத்தம் செய்கிறார்கள் என்றால், விஷ மண்ணை மொத்தமாக அள்ளி லாரியில் ஏற்றி எங்கோ கொட்டிவிடுவார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறோம். கொஞ்சம் அப்படி நடக்கும்தான். ஆனால் கணிசமான விஷம் இருந்த இடத்திலேயே இருக்கும், அதுவும் அரசுக்குத் தெரிந்து, சட்டப்படியே.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கனடா எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் பெல்லிங்ஹாம் இதற்கு நல்ல உதாரணம். நகரின் கடலோரத்தில் பல காலம் ஒரு காகிதக்கூழ் ஆலை ஓடியது. அதை நடத்திய ஜார்ஜியா-பசிஃபிக் நிறுவனம், கூழை வெளுக்கத் தேவையான குளோரினைத் தயாரிக்க 1965-ல் அங்கேயே ஒரு ஆலை போட்டது. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் குளோரின் பிரிந்து வரும், அது எளிது. ஆனால் அன்றைய முறையில் எதிர்மின்வாய் என்பது திரவப் பாதரசம். உப்பில் இருக்கும் சோடியம் அதில் கரைந்துகொள்ளும், அப்புறம் அந்தக் கலவையைத் தண்ணீரோடு சேர்த்தால் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரஜனும் கிடைக்கும், பாதரசம் திரும்பி வந்துவிடும். கணக்குப்படி பார்த்தால் ஒரு சொட்டுப் பாதரசம்கூடச் செலவாகக் கூடாது. நடைமுறையில் அது கசிந்தது, கழிவுநீரோடு விரிகுடாவுக்குப் போனது, ஆலைக்குக் கீழே மண்ணில் இறங்கியது.

கூழ் ஆலை 2001-ல் மூடப்பட்டது. 2005-ல் 137 ஏக்கர் நிலத்தைப் பெல்லிங்ஹாம் துறைமுக ஆணையம் வாங்கியது, அதோடு சுத்தம் செய்யும் பொறுப்பும் அதன் தலையில் வந்தது. வாஷிங்டன் மாநில மக்கள் 1988-ல் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த சட்டம் அப்படி: அழுக்காக்கியவர் மட்டுமல்ல, நிலத்தை இன்று வைத்திருப்பவரும் பொறுப்பு. பிறகு துறைமுகம் ஏன் வாங்கியது? அபாயகரமான ரசாயனப் பொருட்கள் மீது வரி போட்டு, அந்தப் பணத்திலிருந்து உள்ளூர் பொது அமைப்புகளுக்குச் சுத்திகரிப்பு மானியம் தர அதே சட்டம் வழி செய்திருக்கிறது. தனியார் யாரும் தொடத் தயங்கும் நிலத்தைப் பொது அமைப்பு எடுக்க முடிவது இதனால்தான். நகரின் நட்டநடுவில் இருக்கும் கடலோரத்தை வேலி போட்டு வைத்திருப்பதைவிட இது மேல் என்பது என் கட்சி.

சரி, வேலை எப்படி நடக்கிறது? விஷம் இருக்கிறதா என்பதோடு கேள்வி முடிவதில்லை. அது எந்த வழியாக ஒரு உயிரை அடையும் என்பதுதான் முக்கியம். அந்த வழியை அடைத்துவிட்டால் விஷம் உள்ளே கிடந்தாலும் ஆபத்து குறைகிறது.

கடலடியில் வழி மீன் மூலமாக வருகிறது. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது புழுவில் ஏறி, சின்ன மீனில் ஏறி, பெரிய மீனில் இன்னும் அடர்த்தியாகச் சேர்கிறது. ஜப்பானின் மினமாட்டாவில் 1956-ல் வெளிச்சத்துக்கு வந்த நோய்க்கு இப்படி மீனில் சேர்ந்த மெத்தில் பாதரசம்தான் காரணம். அதனால் அந்தச் சேற்றைத் தோண்டி எடுத்துவிடலாமே என்று தோன்றும், ஆனால் தூர்வாரும்போது அடியில் அமைதியாகக் கிடந்தது கலங்கி மேலே வரும். விரிகுடாவின் ஆழமான பகுதிகளில் நூக்சாக் ஆறு கொண்டுவரும் புது வண்டல் பழைய சேற்றைத் தானாகவே மூடிவருகிறது, அங்கே கை வைக்காமல் அளந்துகொண்டே இருப்பதுதான் புத்திசாலித்தனம். கரையோரத்தில் அது நடக்காது, அலையும் படகு விசிறியும் வண்டலை அரித்துவிடும். அங்கே மணலும் கல்லும் போட்டுத் தடிமனாக மூட வேண்டும். கப்பல் வர ஆழம் வேண்டிய இடத்தில் தூர்வாரியே ஆக வேண்டும். ஆக, எங்கே எந்தப் படகு நிற்கும் என்று முடிவெடுப்பதும் எவ்வளவு சேறு அள்ள வேண்டும் என்பதும் ஒரே கணக்கு.

நிலத்தில் விஷயம் வேறு. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. காஸ்டிக் சோடா கசிந்ததால் அங்கே நிலத்தடி நீரின் காரத்தன்மை ஒரு பகுதியில் மிகவும் ஏறியிருந்தது. காரம் ஏறிய நீரில் பாதரசம் அதிகமாகக் கரைந்து நகரும், கடலின் ஏற்றமும் வற்றமும் அந்த நீரை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே இருக்கும். அப்படியானால் பாதரசத்தைத் தொடாமல் நீரின் காரத்தை இறக்கினாலே அதன் கால் கட்டுப்பட்டுவிடும். மண்ணில் இருப்பதைப் பொறுத்தவரை சிமென்ட் கலந்து இறுக்கலாம், அல்லது கந்தகம் சேர்க்கலாம். கந்தகத்தோடு சேர்ந்த பாதரசம் கிட்டத்தட்டக் கரையாத சேர்மமாகிவிடுகிறது. இயற்கையில் பாதரசத் தாதுவே இந்த வடிவில்தான் கிடைக்கிறது.

இன்னொரு தொல்லை, உலோகப் பாதரசம் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். அதன்மேல் வீடு கட்டினால் ஆவி தரை வழியாக உள்ளே வரும், அதனால் அஸ்திவாரத்துக்கு அடியில் ஆவி புகாத விரிப்பு வேண்டும். திறந்தவெளிப் பூங்காவுக்கு இந்தக் கவலை குறைவு, நல்ல மண் போட்டு மூடினால் போதும். 2018-ல் திறந்த வேபாயின்ட் பூங்கா ஆலை நிலத்தில்தான் இருக்கிறது, ஆலையில் அமிலத்துக்காகப் பயன்பட்ட பெரிய உலோக உருண்டையை அங்கே சிற்பமாக நிறுத்தியிருக்கிறார்கள்.

இப்படி மூடிவைத்த நிலத்தின் பத்திரத்தில் நிபந்தனைகள் ஏறும்: மூடியைத் தோண்டக் கூடாது, நிலத்தடி நீரை எடுக்கக் கூடாது என்று. நிலம் யார் கைக்கு மாறினாலும் நிபந்தனையும் கூடவே போகும். விஷம் உள்ளே இருக்கும்வரை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாநிலச் சூழலியல் துறை மறுஆய்வு செய்யும், மூடி தேய்ந்திருந்தால் அல்லது தண்ணீரில் அளவு ஏறியிருந்தால் மறுபடியும் வேலை தொடங்கும்.