சிம்பல் ரோல் கேட்டா தகரக் கூரையில ஆலங்கட்டி மழை அனுப்புறீங்க

இந்த வாரத்துல இது மூணாவது. மிக்ஸிங்குக்கு வந்த பாட்டு நல்லாருக்கு, ஸ்ட்ரிங்ஸ் அருமையா இருக்கு, கோரஸுக்குள்ள போற இடத்துல ஒரு சிம்பல் ஸ்வெல் (சிம்பல் தட்ட விடாம தட்டி, சத்தம் மெல்ல பொங்கி ஏறுற ரோல்) வருது பாருங்க, தடதடதடன்னு. மிடிய (எந்த நோட்டு எப்போ, எவ்ளோ பலமா விழணும்னு எழுதி வச்ச ஃபைல்) தொறந்து பாத்தா நெனச்ச அதேதான். ரெண்டு பார் (தாள வட்டம்) முழுக்க 1/32 நோட்டு (பீட்டுக்கு எட்டு), வெலாசிட்டி, அதாவது அடியோட பலம், 1ல ஆரம்பிச்சு 127 வரைக்கும் அடிஸ்கேல் வச்சு போட்ட கோடு.

கேட்டா "ரோல் நல்லா ஃபுல்லா வரட்டும்னு நோட்ட கூட்டினேண்ணா"ங்கறாங்க. தம்பி, 120 டெம்போல (நிமிஷத்துக்கு 120 பீட்) 1/32னா செகண்டுக்கு 16 அடி. மேலட் (நுனில மெத்துன்னு உருண்டை வச்ச குச்சி) புடிச்சு சஸ்பெண்டட் சிம்பல் (ஸ்டாண்ட்ல ஒத்தையா நிக்கிற சிம்பல்) வாசிக்கிறவங்க யாரும் அப்படி அடிக்கிறதில்ல, அடிக்க வேண்டிய தேவையும் இல்ல. ரெண்டாவது அடி விழும்போதே சிம்பல் ஆடிட்டுதான் இருக்கு, அந்த அடி புதுசா எதையும் ஆரம்பிக்கல, ஓடுற ஊஞ்சல இன்னும் கொஞ்சம் தள்ளி விடுது, அவ்ளோதான். சாஃப்ட்வேர்ல கதையே வேற. அங்க ஒவ்வொரு நோட்டும், அசையாம நின்ன சிம்பல ஒரே ஒரு தடவ அடிச்சு ரெக்கார்ட் பண்ண சாம்பிள், அதனால ஒவ்வொண்ணும் தன்னோட 'டிக்'க கையோட கூட்டிட்டு வரும். நோட்ட கூட்டினா ஷிம்மர் (அந்த மினுமினுன்னு நீளுற நாதம்) அதிகமாகாது, டிக்குதான் அதிகமாகும். இத எத்தன பேருக்கு சொல்லிட்டேன்னு எனக்கே கணக்கு இல்ல.

முதல்ல உங்க சாம்பிள் லைப்ரரில மேலட்டால வாசிச்ச ஸ்வெல்லே ரெக்கார்ட் பண்ணி வச்சிருக்காங்களான்னு பாருங்க. இருந்தா அதையே போடுங்க, உச்சம் பீட்ல விழுற மாதிரி நகத்தி, முன்னாடி மிச்சத்த வெட்டி ஃபேட் இன் (சத்தம் பூஜ்யத்துல இருந்து மெல்ல ஏறுறது) குடுத்தா வேல முடிஞ்சுது. ரிவர்ஸ் க்ராஷ (பலமா அடிச்ச ஒத்த சிம்பல் அடிய பின்னாடியிருந்து ஓட விட்டது) போட்டுட்டு அத ஸ்வெல்லுன்னு சொல்லாதீங்க, அது வேற சாமான்.

இல்ல நான் ப்ரோக்ராம்தான் பண்ணுவேன்னா, அதே டெம்போல 1/16 (பீட்டுக்கு நாலு) போதும், வேணும்னா கடைசில 1/16 ட்ரிப்லெட் (பீட்டுக்கு ஆறு). வெலாசிட்டி முக்கால்வாசி நேரம் 25ல இருந்து 50க்குள்ள சும்மா கெடக்கட்டும், கடைசி கால்வாசில ஏறினா போதும், 105 கிட்ட நிறுத்திக்கங்க. அதுக்கு மேல பெரும்பாலும் முழு க்ராஷ் அடிச்ச சாம்பிள்தான் உக்காந்திருக்கும். இடது கை அடி எப்பவும் 5, 10 கம்மியா விழட்டும். குவாண்டைஸ (நோட்ட கட்டத்துல கச்சிதமா உக்கார வைக்கிறது) எடுத்துருங்க. அட்டாக் நாப் (சத்தம் எவ்ளோ நேரத்துல எழும்பணும்னு மாத்துற திருகு) இருந்தா 20, 30 மில்லிசெகண்ட் ஏத்துங்க, டிக்கு கரைஞ்சிரும்.

இன்னொண்ணு, ரோல் போகும்போதே ஹை ஹேட்டும் ஸ்னேரும் கூடவே ஓடிட்டிருக்கு. ட்ரம்மர் என்ன ராவணனா இருபது கைக்கு? தனியா ஒரு பர்கஷனிஸ்ட் நிக்கிறாருன்னு வச்சுக்கிட்டீங்கன்னா சரி, விட்டுடறேன்.

அப்புறம் தயவுசெஞ்சு சிம்பல தனி டிராக்கா, மிடியோட அனுப்புங்க. மொத்த ட்ரம்ஸையும் ஒரே ஸ்டீரியோ ஃபைலா கலந்து குடுத்துட்டு "அந்த தடதட மட்டும் எடுத்துருங்கண்ணா"ன்னா நான் எங்க போயி எடுக்கறது?