கொழுப்பு கூடினால் ஓர்மை குறையுமா?

தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "பையன் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கான். ரெண்டு வருசத்துல நல்லா தடிச்சிட்டான். படிச்சது ஒண்ணும் ஓர்மை நிக்க மாட்டேங்குன்னு சொல்லுதான். 'கொழுப்பு ஏறி மண்டை மந்தமாயிட்டு'ன்னு வீட்டுல உள்ளவங்களே அவன் முகத்துக்கு நேரா சொல்லுதாங்க. அப்படி உண்டா சார்?"

முதலில் அந்தப் பேச்சை நிறுத்தச் சொல்லுங்கள் அம்மா. மறதிக்குத் தூக்கக் குறைவு, தைராய்டு, இரத்தசோகை, மனச்சோர்வு என்று காரணங்கள் பல உண்டு. அதை ஒரு மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒருவரின் இடுப்பளவைப் பார்த்து அவர் புத்தியை அளக்க முடியாது. ஆனால் உங்கள் கேள்விக்குள் நல்ல அறிவியல் கேள்வி ஒன்று இருக்கிறது. நாம் தின்பது, நினைவைச் சேமிக்கும் மூளைப் பகுதியைத் தொடுமா? தொடும். எப்படித் தொடுகிறது என்பது கடந்த இருபது ஆண்டுகளில்தான் துலங்கி வருகிறது.

பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். மூளை உடல் எடையில் 2 சதவீதம். ஆனால் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. நியூரான்கள் என்ற நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இடம் சினாப்ஸ். புதிதாக ஒன்றைக் கற்கும்போது சினாப்ஸ்கள் வலுப்பெறுகின்றன, புதிதாகவும் முளைக்கின்றன. அன்றாட நிகழ்வுகளை நினைவாக மாற்றுவதில் முன்னிற்பது ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி. மூளையின் இரு பக்கமும், காதுகளுக்கு உட்புறமாக அது இருக்கிறது.

ஹிப்போகாம்பஸ் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று உலகம் தெரிந்துகொண்டது ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கரால். தீராத வலிப்புக்காக 1953-இல் அவருடைய ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை இரு பக்கமும் அறுவை செய்து எடுத்தார்கள். அதன்பின் புதிய நிகழ்வு எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. இது பலருக்குத் தெரிந்த கதை. பலர் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. அவர் இரவுச் சாப்பாட்டை முடித்து, தட்டை எடுத்துச் சென்ற சற்று நேரத்தில் இன்னொரு முழுச் சாப்பாட்டை வைத்தால், அதையும் சாப்பிட்டார். சாப்பிட்டது மறந்துபோனது மட்டும் காரணமில்லை. வயிறு நிறைந்ததை உணர்வதிலும் அவருக்குக் குறை இருந்தது. பசி, நிறைவு என்ற உடலின் குறிப்புகளைப் படிப்பதிலும் ஹிப்போகாம்பஸுக்குப் பங்கு உண்டு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உணவுக்கு வருவோம். எண்ணெயும் சர்க்கரையும் மிகுந்த உணவை நாள்தோறும் உண்ணும்போது வயிற்றைச் சுற்றிக் கொழுப்புத் திசு பெருக்கிறது. அந்தத் திசு சும்மா கிடக்கும் சேமிப்பு மட்டுமில்லை. அதிலிருந்து லெப்டின் என்ற ஹார்மோன் சுரப்பது 1994-இல் கண்டறியப்பட்டது. திசு அளவுக்கு மீறிப் பெருத்தால் அழற்சியை, அதாவது காயத்துக்கும் கிருமிக்கும் எதிராக உடல் காட்டும் கொதிப்பைத் தூண்டும் சைட்டோகைன்கள் என்ற புரதங்களும் அதிலிருந்து இரத்தத்தில் கலக்கின்றன. இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. இரத்தத்தில் உள்ள எல்லாம் மூளைக்குள் போய்விடாதபடி நுண்குழாய்களின் சுவர்கள் இறுக்கமாக இருக்கின்றன அல்லவா, அந்தத் தடுப்பும் தளர்கிறது. கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த தீனியை 90 நாள் தின்ற எலிகளுக்கு, வழக்கமாக மூளைக்குள் நுழையாத ஓர் ஒளிரும் சாயத்தைச் செலுத்திப் பார்த்தபோது அது ஹிப்போகாம்பஸில் கசிந்திருந்தது.

இதற்கு அடுத்த படிதான் என்னை மிகவும் ஈர்ப்பது.

மூளையில் நியூரான்களுக்கு நடுவே மைக்ரோகிளியா என்ற சிறு செல்கள் இருக்கின்றன. ஸ்பெயின் நாட்டு அறிவியலாளர் பியோ டெல் ரியோ ஒர்தேகா வெள்ளிச் சேர்மத்தால் சாயமேற்றி, 1919-இல் இவற்றைத் தனி வகை என்று காட்டினார். மூளையில் காயம் பட்டால் வந்து குப்பையை விழுங்கும், மற்ற நேரம் அசையாமல் கிடக்கும் என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். செத்த திசுவை வெட்டி வைத்துப் பார்த்தால் வேறெப்படித் தெரியும்? 2005-இல் உயிருள்ள எலியின் மண்டையோட்டை ஓரிடத்தில் மெலிதாக்கி, அதன் வழியே லேசர் நுண்ணோக்கியால் பார்த்தார்கள். செல்லின் உடல் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் மெல்லிய கிளைகளோ ஓயாமல் நீண்டன, வளைந்தன, எதையோ தொட்டுப் பார்த்தன, உள்ளிழுத்துக்கொண்டு வேறு பக்கம் நீண்டன. இந்த வேகத்தில் போனால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மூளை முழுவதையும் அவை தொட்டுப் பார்த்துவிடும் என்று கணக்கிட்டார்கள். லேசரால் மிகச் சிறிய காயம் ஒன்றை உண்டாக்கினால், சில நிமிடங்களில் சுற்றியுள்ள கிளைகளெல்லாம் அதை நோக்கி நீண்டு சூழ்ந்துகொண்டன. நீங்கள் இந்த வரியைப் படிக்கும்போதும் உங்கள் தலைக்குள் இந்தத் தடவல் நடந்துகொண்டிருக்கிறது.

அவை சினாப்ஸ்களையும் விழுங்குகின்றன. வளரும் மூளையில் தேவைக்கு மேல் சினாப்ஸ்கள் முளைத்துவிடும். அவற்றில் வேண்டாதவற்றின் மேல் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் சி1க்யூ, சி3 என்ற புரதங்கள் ஒட்டிக்கொள்ளும். மைக்ரோகிளியா வந்து, புரதம் ஒட்டியதைத் தின்றுவிடும். கிருமியை அடையாளம் காட்ட உடல் பயன்படுத்தும் அதே புரதங்கள் மூளையைச் செதுக்கவும் உதவுகின்றன என்பதை 2007-இலும் 2012-இலும் வெளிவந்த ஆய்வுகள் நிறுவின. படித்த நாளிலிருந்து எனக்கு அந்த வியப்பு தீரவில்லை.

களை பறிக்க வயலில் இறங்கியவர்கள் நெற்பயிரையும் சேர்த்துப் பிடுங்கினால் என்ன ஆகும்? உடல் பருத்த எலிகளில் நடப்பது அதுதான். அமெரிக்காவின் ஜார்ஜியா மருத்துவக் கல்லூரியில் அலெக்சிஸ் ஸ்ட்ராநஹன் குழு ஒரு கூட்டம் எலிகளுக்கு 10 சதவீதக் கலோரி கொழுப்பிலிருந்து வரும் தீனியையும், மற்றொரு கூட்டத்துக்கு 60 சதவீதம் வரும் தீனியையும் கொடுத்தது. 12 வாரத்தில் இரண்டாம் கூட்டம் பருத்தது. ஹிப்போகாம்பஸில் சைட்டோகைன்கள் கூடின, மைக்ரோகிளியா சினாப்ஸ்களைத் தின்றன. அதன்பின் பாதி எலிகளைக் குறைந்த கொழுப்புத் தீனிக்கு மாற்றினார்கள். இரண்டு மாதத்தில் எடை பழைய நிலைக்கு வந்தது, சினாப்ஸ்களும் மீண்டன. 2016-இல் வெளிவந்த முடிவு இது.

மைக்ரோகிளியாதான் காரணமா, இல்லை அவை சும்மா உடனிருந்தனவா? இந்தக் கேள்விக்கு 2018-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் எலிசபெத் கூல்ட் குழு விடை தேடியது. எலியின் கூண்டில் இரண்டு பொருள்களை வைத்துப் பழக்கி, பிறகு ஒன்றை மட்டும் இடம் மாற்றி வைப்பார்கள். நினைவு நன்றாக உள்ள எலி, இடம் மாறியதை நோக்கி ஓடி மோந்து பார்க்கும். பருத்த எலி இரண்டையும் ஒன்றுபோலவே மோந்து பார்க்கும்; முன்பு எது எங்கே இருந்தது என்பது அதற்கு நினைவில்லை. மூன்று வெவ்வேறு வழிகளில் மைக்ரோகிளியா தின்பதைத் தடுத்தார்கள். எலி பருத்தே இருந்தது, ஆனால் சினாப்ஸ்கள் பிழைத்தன, நினைவும் பிழைத்தது. அதாவது நினைவைக் கெடுத்தது எடை நேரடியாக அல்ல. அழற்சியால் தூண்டப்பட்ட இந்தச் செல்கள்.

எலியின் தீனி வேறு, நம் தட்டு வேறு. 60 சதவீதக் கலோரியைக் கொழுப்பிலிருந்து மட்டும் பெறும் அளவுக்கு நம் வீடுகளில் யாரும் உண்பதில்லை. அதனால் மனிதர்களிடம் செய்த ஆய்வையும் சொல்லிவிடுகிறேன். சிட்னி மக்குவாரி பல்கலைக்கழகத்தில் 20 முதல் 23 வயது வரையுள்ள, ஒல்லியான, நலமான 110 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவினர் ஒரு வாரம் வாஃபிளும் கடைத் துரித உணவுமாகச் சாப்பிட்டார்கள். வாரக் கடைசியில் நினைவுத் தேர்வில் இவர்கள் பின்தங்கினார்கள். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும் நொறுக்குத் தீனியைப் பார்த்தால் ஆசை அடங்கவில்லை. 2020-இல் இது வெளியானது. மொலைசனின் இரண்டாவது தட்டு ஞாபகம் வருகிறதா? ஹிப்போகாம்பஸ் சற்றுத் தளர்ந்தால் 'போதும்' என்ற குறிப்பு மங்குகிறது, கூடுதலாகத் தின்கிறோம், அது ஹிப்போகாம்பஸை இன்னும் தளர்த்துகிறது. ஒரு வாரத்திலேயே, உடல் பருக்கும் முன்பே, இது தொடங்குகிறது. மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது அவர்கள் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தார்கள்.

ஆகவே அம்மா, பையன் மண்டையில் கொழுப்பு ஏறவில்லை. எடை இயந்திரத்தை விட்டுவிட்டு அவனுடைய சாயங்காலத்தைக் கவனியுங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் டியூஷன் விட்டு வரும் பிள்ளைகளுக்கு மார்த்தாண்டமானாலும் நாகர்கோவிலானாலும் பேக்கரி வாசல்தான் அடுத்த வகுப்பு. பஃப்ஸ், கிரீம் பன், சர்க்கரை தூக்கலான ஒரு சாயா; இரவு பரோட்டா. அவித்த மரச்சீனியும் மீன்குழம்பும், புட்டும் பயறும் உண்டு வளர்ந்த மண் இது. அந்தச் சாப்பாட்டை நான் குறை சொல்லமாட்டேன். மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கி வீட்டில் தொங்கவிட்டால் சாயங்காலப் பசிக்கு அது போதும்.

தேர்வுக் காலத்தில் ஞாபகசக்தி லேகியம், ஞாபகசக்தி பானம் என்று விளம்பரங்கள் வரும். எனக்கு இவற்றின் மேல் கோபம் உண்டு. பல பானங்களில் சர்க்கரை நிறையவே உண்டு. பொட்டலத்தின் பின்பக்கம் அச்சிட்டிருக்கிறது, பாருங்கள். பெற்றோரின் பயத்தை விற்றுக் காசாக்குவது பெரிய பாவம். நினைவுக்கு உதவும் என்று நல்ல சான்று இருப்பது நடைக்கு. முதியவர்கள் 120 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில், ஓராண்டு ஒழுங்காக நடந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் 2 சதவீதம் பெருத்தது. 2011-இல் வந்த முடிவு. அதற்குக் காசு வேண்டாம்.

இது பிள்ளைகளோடு முடியும் கதையும் இல்லை. கலிஃபோர்னியாவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சராசரியாக 27 ஆண்டு பின்தொடர்ந்தபோது, நடுவயதில் உடல் பருமன் இருந்தவர்களுக்கு முதுமையில் டிமென்ஷியா என்ற மறதி நோய் வரும் வாய்ப்பு 74 சதவீதம் கூடுதலாக இருந்தது. தமிழ்நாட்டிலோ 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் அதிக எடை உள்ளவர்கள்.

நமக்கான எண்களை நாமே எடுக்க வேண்டும். கர்நாடகத்தில் கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரத்தில், பெங்களூரு மூளை ஆராய்ச்சி மையம் கிராம மக்களை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து பரிசோதித்து வருகிறது. அதுபோல ஒன்றுக்குக் கன்னியாகுமரி மாவட்டம் மிகப் பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து. படிப்பு டிமென்ஷியாவைத் தள்ளிப்போடும். பருமனும் சர்க்கரை நோயும் அதை முன்னிழுக்கும். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்தில் முதலிடம் பெற்றது நம் மாவட்டம். படிப்பும் பருமனும் சேர்ந்திருக்கும் மக்களிடம் எது வெல்லும்? குளச்சலில் வலை இழுப்பவர், பேச்சிப்பாறைப் பக்கம் விடியுமுன் ரப்பர் வெட்டுபவர், நாகர்கோவிலில் நாற்காலியில் உட்கார்ந்தே வேலை பார்ப்பவர் எல்லாரும் இந்த ஒரே மாவட்டத்துக்குள் இருக்கிறார்கள். ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. நாற்பது வயதில் இடுப்பளவு, சர்க்கரை, ஒரு நினைவுத் தேர்வு என்று தொடங்கி, இரண்டாண்டுக்கு ஒருமுறை அதையே திரும்ப அளந்தால் போதும். இருபது ஆண்டுக்கு நிதி நிற்காமல் வர வேண்டும், அவ்வளவுதான். மூன்றாண்டுத் திட்டங்களுக்கு மட்டும் பணம் ஒதுக்கும் வழக்கத்தை அரசு மாற்றாதவரை இந்தக் கேள்விக்குக் கலிஃபோர்னியாவிலிருந்துதான் பதில் வந்துகொண்டிருக்கும்.