கருங்கல் சுவருக்குச் சிமெண்ட் பூசாதீர்கள்

கிருஷ்ணகிரி பழையபேட்டைப் பக்கம் இன்னொரு கல்வீட்டின் முகத்தையும் சிமெண்டால் மூடியாயிற்று. கேட்டால் அதே பதில்: "பழைய சுவர் சார், பூசினா பலம் வரும்."

வராது. ஒன்றரை, இரண்டு அடி கனமுள்ள சுவர் நிற்பது அதன் கனத்தாலும், கல்லுக்குள் கல் கடித்து உட்கார்ந்திருப்பதாலும். அரை அங்குலப் பூச்சு அதற்கு என்ன பலம் தரும்? சுவர் வயிறு தள்ளியிருந்தால் அதையும் மறைத்துவிடும். அப்படித் தள்ளிய சுவரில் கை வைக்காமல் முதலில் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

கருங்கல் தண்ணீர் குடிப்பது மிகக் குறைவு. தரையிலிருந்து ஏறும் ஓதம் (ஈரம்), கற்களுக்கிடையே சந்துகளிலுள்ள மண்சாந்து அல்லது சுண்ணாம்புச் சாந்து வழியாகத்தான் வெளியே காயும். வெளிப்பக்கம் சிமெண்டால் அடைத்தால் அது வீட்டுக்குள் திரும்பும். உள்சுவரில் உப்புப் பூக்கும், பெயிண்ட் உரியும். உடனே 'வாட்டர்ப்ரூஃப்' பெயிண்ட் என்று இன்னொரு செலவு! கல்லில் பூச்சு பிடிக்கவேண்டும் என்று மேஸ்திரி கொத்துப் போட்ட இடத்தில் பழைய உளி வேலைப்பாடும் போய்விடும்.

மலைமேல் கோட்டை மதில், வயலோரம் வேலிக்கல், தெருவில் வீட்டுச் சுவர் எல்லாமே இந்த மண்ணின் கல். அதை மூடி, முன்னால் ஏசிபி ஷீட்டும் (அலுமினியம் ஒட்டிய பலகை) அடித்துவிட்டால், பைபாஸ் ஓரத்து ஷோரூமுக்கும் இந்தத் தெருவுக்கும் என்ன வித்தியாசம்?

செய்யவேண்டியது பாயிண்டிங் மட்டும்; அதாவது, கற்களுக்கிடையே உள்ள சந்துகளில் புதுச் சாந்து அடைப்பது. உதிரும் சாந்தை ஓர் அங்குல ஆழத்துக்குக் கையுளியால் சுரண்டுங்கள். கிரைண்டர் வேண்டாம், கல் விளிம்பு சிதையும். தூசி தட்டி, சந்துகளை நனைத்து, நீற்றி இரண்டு மூன்று வாரம் ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு கலந்து, இரண்டு தடவையாக அழுத்தி அடையுங்கள். சாந்து கல் முகத்துக்குச் சற்று உள்ளே நிற்கட்டும். ஈரச் சாக்கால் மூடி ஒரு வாரமாவது காயவிடாதீர்கள். பங்குனி, சித்திரை வெயிலில் இந்த வேலையே வேண்டாம். "சீக்கிரம் இறுகும்" என்று ஒரு கை சிமெண்ட் போடும் மேஸ்திரியிடம் தயவுசெய்து கண்டிப்பாக இருங்கள்.

ஏற்கெனவே பூசியிருந்தால் தட்டிப் பாருங்கள். பொள்ளலாக ஒலிக்கும் இடத்தை மட்டும், கீழிருந்து நான்கடி வரை, மெல்ல உரித்தெடுங்கள். கெட்டியாகப் பிடித்திருப்பதைப் பெயர்த்தால் கல்லும் சில்லாக வரும்.

பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுச் சாலை திண்ணை மட்டத்துக்கு வந்திருந்தால், மழைநீர் சுவரடியில்தான் நிற்கும். அடுத்த முறை சாலை போட வரும்போது, சுரண்டிவிட்டுப் போடச் சொல்லி நகராட்சியில் முன்கூட்டியே மனு கொடுங்கள்.