மஞ்சள் தானேன்னு கேப்சூல் சாப்பிடறவங்களுக்கு

மேற்கு மாம்பலத்துல ஒரு மெடிக்கல் ஷாப்ல பார்மசிஸ்டா இருக்கேன், 16 வருஷமாச்சு. இதை எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல ஓடிட்டே இருந்துச்சு.

ரெகுலரா வர்ற ஒரு மாமி, 60 வயசு இருக்கும், பிரஷர் மாத்திரை மட்டும்தான் வாங்குவாங்க. ஒரு நாள் சாயங்காலம் வந்து, "தம்பி, உடம்பெல்லாம் அரிப்பு தாங்கல, ஏதாவது லோஷன் குடு"ன்னாங்க. கவுண்டர் லைட்ல பாத்தா கண்ணு மஞ்சளா இருக்கு. யூரின் எப்படி போகுதுன்னு கேட்டேன், கடுங்காப்பி கலர்ல போகுது, 10 நாளா கீழாநெல்லி அரைச்சு மோர்ல குடிக்கறேன் கேக்கலன்னாங்க. லோஷன் குடுக்கல, அன்னிக்கே டாக்டர்கிட்ட அனுப்பிட்டேன்.

லிவர் பாதிப்பைக் காட்டற ரத்த டெஸ்ட் எஸ்ஜிபிடி 1000ஐத் தாண்டியிருந்துச்சு, சாதாரணமா 40, 50க்குள்ள இருக்க வேண்டியது. மஞ்சள் காமாலை வைரஸ் டெஸ்ட் எல்லாம் நெகட்டிவ், ஸ்கேன்ல கல் இல்ல. வேற என்ன மருந்து சாப்பிடறீங்கன்னு டாக்டர் திரும்பத் திரும்ப கேட்டும் பிரஷர் மாத்திரைதான்னு சொல்லியிருக்காங்க. கடைசியில அவங்க பையன்கிட்ட நான் சொன்னேன், வீட்ல அம்மா வாய்ல போடற டப்பா எதுவா இருந்தாலும் ஒரு கட்டப்பையில அள்ளிட்டு வாங்கன்னு. சூரணம், பிரஷர் மாத்திரைக்கு நடுவுல ஒரு பெரிய பாட்டில், முட்டிவலிக்கு பொண்ணு வாங்கி அனுப்பின மஞ்சள் கேப்சூல், 3 மாசமா தினம் ரெண்டு. மாமி பொய் சொல்லல, அவங்க கணக்குல அது மருந்தே இல்ல, மஞ்சள்.

லேபிளைப் படிச்சேன். ஒரு கேப்சூல்ல 500 மில்லிகிராம் மஞ்சள் சாறு (எக்ஸ்ட்ராக்ட்), அதுல 95 சதவீதம் குர்குமினாய்டு, அதாவது மஞ்சள்ல இருக்கற குர்குமின் வகை சத்து, கூட மிளகுச் சத்து பைப்பரின் 5 மில்லிகிராம். நம்ம சமையல் மஞ்சப்பொடியில குர்குமின் சுமார் 3 சதவீதம்தான், ஒரு டீஸ்பூன் நிறைய போட்டாலும் 100 மில்லிகிராம் கூட வராது. அப்ப ஒரு கேப்சூல்னா கிட்டத்தட்ட 5 ஸ்பூன் பொடி, யாராவது ஒரு குழம்புல அவ்ளோ போடுவாங்களா? அதோட பைப்பரின் வேற. 1998ல பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மெடிக்கல் காலேஜ்ல செஞ்ச ஆய்வுல, பைப்பரின் சேத்தா ரத்தத்துல ஏறற குர்குமின் 20 மடங்கு அதிகமாகுதுன்னு காட்டினாங்க, அதைத்தான் இன்னிக்கு பாட்டில்ல பெருமையா போடறாங்க.

எல்லாருக்கும் லிவர் கெட்டுடும்னு நான் சொல்லல. 2022ல அமெரிக்காவுல வெளியான ஒரு ஆய்வுல மஞ்சளால லிவர் பாதிச்ச 10 பேரைப் பத்தி எழுதியிருந்தாங்க, அதுல 7 பேருக்கு ஒரே வகை மரபணு இருந்துச்சு, ஒருத்தர் இறந்தே போயிட்டாங்க. அந்த மரபணு நமக்கு இருக்கான்னு பாட்டிலைத் திறக்கறதுக்கு முன்னாடி யாரு டெஸ்ட் பண்ணப் போறோம்?

வார்ஃபரின், க்ளோபிடோக்ரெல் மாதிரி ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கறவங்க, பித்தப்பையில கல் இருக்கறவங்க, கர்ப்பமா இருக்கறவங்க டாக்டரைக் கேக்காம இதைத் தொடவே வேண்டாம். பைப்பரின் மத்த மருந்தோட அளவையும் ரத்தத்துல ஏத்தும், வலிப்புக்கு ஃபெனிட்டாயின் சாப்பிடறவங்க முக்கியமா கவனிங்க. ஆபரேஷன் இருந்தா 2 வாரம் முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லி நிறுத்திடுங்க. சாப்பிட ஆரம்பிச்ச பிறகு பசி போயிடுச்சு, குமட்டுது, அரிக்குது, யூரின் கருக்குதுன்னா அன்னிக்கே நிறுத்திட்டு, பாட்டிலையும் கையில எடுத்துட்டு டாக்டர்கிட்ட போங்க, கீழாநெல்லி குடிச்சுப் பாத்துட்டு போலாம்னு நாளைக் கடத்தாதீங்க ப்ளீஸ், அந்த 10 நாள்தான் எனக்கு இன்னும் உறுத்துது.

கேப்சூலை நிறுத்தி ரெண்டரை மாசத்துல மாமிக்கு எல்லா டெஸ்டும் நார்மலாச்சு. சாம்பார்ல, ரசத்துல வழக்கம்போல மஞ்சப்பொடி போடறாங்க, அதுல ஒரு பிரச்சனையும் இல்ல. உங்க வீட்ல யாருக்காவது இப்படி ஆச்சுன்னா 1800-180-3024ங்கற நம்பருக்கு சொல்லலாம், மருந்துகளோட பக்கவிளைவைப் பதிவு பண்ற அரசு நம்பர், காசு கிடையாது.