தெரிந்தது இரும்பு, தெரியாதது ஈயம்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஃபிளின்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸின் எஞ்சின் ஆலை ஒன்று உண்டு. 2014 அக்டோபரில் அந்த ஆலை, ஊர்த் தண்ணீர் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டது. பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்பது காரணம். ஊர் ஜனங்களுக்கு மட்டும் அதே தண்ணீர் இன்னும் ஓராண்டு வந்தது. 'வேண்டுமென்றே விஷம் வைக்கிறார்கள்' என்ற பேச்சு அங்கே பரவியதில் ஆச்சரியமில்லை.

கடனில் தவித்த நகரம் அப்போது மாநில அரசு நியமித்த அவசரகால நிர்வாகியின் கையில் இருந்தது. டெட்ராய்டிலிருந்து வந்த ஹியூரன் ஏரித் தண்ணீரை நிறுத்தி, புதிய குழாய்த்திட்டம் முடியும்வரை ஃபிளின்ட் ஆற்று நீரை எடுத்தால் செலவு மிச்சம் என்று கணக்குப் போட்டார்கள். 2014 ஏப்ரல் 25 அன்று மாற்றினார்கள்.

தண்ணீரில் கலந்த விஷம் ஈயம் (lead, காரீயம்). அது ஆற்றிலிருந்து வரவில்லை. அது வீடுகளுக்குப் போகும் பழைய ஈயக் குழாய்களிலும் பற்றவைப்புகளிலும் ஏற்கெனவே இருந்தது. டெட்ராய்ட் தண்ணீரில் சிறிது ஆர்த்தோபாஸ்பேட் கலந்திருக்கும். அது ஈயத்தோடு சேர்ந்து, எளிதில் கரையாத படலமாகக் குழாயின் உட்புறத்தில் படியும். ஆற்று நீருக்கு மாறியபோது பாஸ்பேட் சேர்க்கவே இல்லை. போதாக்குறைக்கு அந்த நீரில் உலோகத்தை அரிக்கும் குளோரைடு அதிகம். கசடு இறக்கச் சேர்த்த ஃபெரிக் குளோரைடு அதை இன்னும் கூட்டியது. பல ஆண்டுகள் படிந்த படலம் கரைந்தும் உதிர்ந்தும் போனது.

தெருவில் ஓடும் இரும்புக் குழாய்களும் அரித்தன. பழுப்புத் தண்ணீர் வந்தது அதனால்தான். துரு, கிருமி கொல்லும் குளோரினைத் தின்றுவிடும். குளோரினைக் கூட்டினாலோ ஆற்று நீரின் கரிமப் பொருள்களோடு சேர்ந்து ட்ரைஹாலோமீத்தேன்கள் என்ற தீங்கான பொருள்கள் உருவாகும். குளோரின் குறைந்த இடங்களில், கடும் நுரையீரல் அழற்சி தரும் லீஜியோனெல்லா பாக்டீரியா வளர வாய்ப்பு அதிகம். 2014, 2015-இல் அந்த நோய்க்கு 12 பேராவது பலியானார்கள்.

ஜனங்கள் பழுப்புத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக் கூட்டங்களுக்குக் கொண்டுவந்து காட்டினார்கள். அவர்கள் காட்டியது இரும்பு. ஈயத்துக்கு நிறமும் இல்லை, ருசியும் இல்லை. அதைச் சோதனைதான் காட்டவேண்டும். கோளாறு அங்கேதான்.

முதல் நாள் இரவு குழாயைச் சில நிமிடம் திறந்துவிட்டு, பிறகு மாதிரி எடுக்கச் சொன்னார்கள் அதிகாரிகள். அப்படிச் செய்தால் குழாயில் தேங்கிய ஈயம் முன்கூட்டியே வெளியேறிவிடும். எடுத்த மாதிரிகளைக் குறைவிலிருந்து அதிகமாக வரிசைப்படுத்தி, நூற்றுக்கு 90-ஆவது இடத்தில் வரும் அளவைப் பார்ப்பது சட்டம். அது லிட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டினால் நடவடிக்கை கட்டாயம் என்பது அப்போதைய விதி. 2015-இல் ஃபிளின்ட்டில் 71 மாதிரிகள். விதிப்படி பொருந்தாது என்று அதில் இரண்டை மட்டும் மாநிலச் சுற்றுச்சூழல் துறை நீக்கியது. ஒன்றின் அளவு 104. அந்த வீட்டில் வடிகட்டி இருந்தது என்பது சொன்ன காரணம். (வடிகட்டியையும் மீறி 104 என்றால் யோசித்துப் பாருங்கள்.) அந்த இரண்டும் போனதும் 15-ஐத் தாண்டியிருந்த கணக்கு 11 ஆனது.

ஊரைக் கொல்லத் திட்டம் போட்டதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. மறைத்ததற்கு உண்டு. அரிப்புத் தடுப்பு நடக்கிறது என்று மாநிலச் சுற்றுச்சூழல் துறை 2015 பிப்ரவரியில் மத்திய அரசின் சுற்றுச்சூழல் முகமையிடம் சொன்னது, நடக்கவில்லை. உண்மையை வெளியே கொண்டுவந்தவை வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகக் குழுவின் தண்ணீர்ச் சோதனைகளும், மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா செப்டம்பரில் வெளியிட்ட குழந்தைகளின் இரத்தக் கணக்கும்தான். பின்னர் ஆய்விதழில் வந்த கணக்குப்படி, ஈயம் கூடுதலாக இருந்த குழந்தைகளின் பங்கு 2.4 சதவீதத்திலிருந்து 4.9 ஆகியிருந்தது.

2015 அக்டோபரில் டெட்ராய்ட் தண்ணீர் திரும்பியது, டிசம்பரில் கூடுதல் பாஸ்பேட்டும் சேர்ந்தது, படலம் மெல்ல மறுபடி படிந்தது. நம்பிக்கை அப்படிப் படியவில்லை. 2016-இல் ஷிகெல்லா வயிற்றுப்போக்கு அப்பகுதியில் கூடியபோது, தண்ணீருக்குப் பயந்து பலர் கை கழுவுவதைக் குறைத்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று சந்தேகித்தார்கள்.

2017 ஜனவரியில் புதிய கணக்கு வந்தது: 12 மைக்ரோகிராம். இந்த முறை ஈயம் உண்மையிலேயே இறங்கியிருந்தது. ஆனால் அதை அறிவித்தது, முன்பு 11 என்று சொன்ன அதே துறை.